நாலு மாடிக் கடையின் வாங்கோ மாமா

பம்பாயில் கதவு திறந்துவிட்டுப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கதவு திறந்துவிடுவதற்காகவே பிறந்து வந்தவர் எங்கள் வாங்கோ மாமா ஒருவர்தான். எமதர்மராஜனே எருமையை வாசலில் கட்டிவிட்டு உள்ளே நுழைந்திருந்தாலும் மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வாங்கோ வாங்கோ! என்ன பார்க்கணும்? கயிறா? மூணாம் மாடி, பாத்திரத்துக்குப் பக்கத்துல. லிஃப்ட் இந்தப் பக்கம்" என்றுதான் சொல்லியிருப்பார். எமனும் வந்த வேலையை மறந்துவிட்டு, எருமைக்கு ஒரு போர்வை வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருப்பான்.

அந்த வாசல் இன்றைக்கும் இருக்கிறது. தாதரிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வரும்போது, ரோடு திரும்புகிற முனையில், உடம்பு முழுக்க நீலக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு ஒரு கட்டிடம் நிற்கும். இப்போது அதில் ஆபீஸ்கள். அதற்கு முன்னால் அது கடை. போர்டில் என்னவோ பெரிய பேராக எழுதியிருந்தார்கள். தாராவியில் கேட்டாலும் செம்பூரில் கேட்டாலும் ஜனங்களுக்கு அது நாலு மாடிக் கடைதான். கீழே சோப்பு, பவுடர், குடை, கைப்பை. முதல் மாடியில் சேலை. இரண்டாம் மாடியில் பேன்ட் சட்டை. மூணாம் மாடியில் பாத்திரம், மெத்தை, விளையாட்டுச் சாமான். பிறந்த பிள்ளைக்கு ஒரு ஜட்டி வாங்க உள்ளே போனவர்கள், அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வரைக்கும் வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அவ்வளவு பெரிய கடை.

முதல் மாடியில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற மிஷின் என்னுடையது. நான் அடித்த ஃபால்ஸ் பிரிந்தது என்று ஒரு சேலை திரும்பி வந்தது கிடையாது. வந்திருந்தால் சொல்லுங்கள், இப்போதுகூட அடித்துத் தருகிறேன்.

மாமா மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். கல்யாணம் இல்லை. அண்ணன் மகன் வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு ஆணியும் அவருடையவை. கட்டிலில் படுப்பார், ஆணியில் சட்டையை மாட்டுவார். நிஜப்பெயர் என்ன என்று கடை முதலாளி பெரிய சேட்டுக்கே மறந்துபோயிருந்தது. மடக்கிவைத்த குடைபோல ஒல்லி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கழுத்தில் சிவப்பு டை. காற்று அடித்தால் டை பறக்கும். இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தால் அதோடு மாமாவும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கும்.

வாசலில் நிற்கிறவர்கள் வருகிறவர்களுடைய முகத்தைப் பார்ப்பார்கள். மாமா செருப்பைப் பார்ப்பார். செருப்பை வைத்தே இன்ன பாஷை என்று முடிவு கட்டி, அந்த பாஷையில் வரவேற்பார். ஒரு தடவை தலைப்பாகை கட்டின சர்தார்ஜி ஒருவர் கோலாப்பூர்ச் செருப்பு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மாமா மராத்தியில் ஆரம்பித்தார். சர்தார்ஜி தலைப்பாகையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மாமா செருப்பிலிருந்து கண்ணை எடுத்தால்தானே? கடைசியில் சர்தார்ஜி தோற்றுப்போய், தெரிந்த மராத்தியில் "ஹோ, ஹோ", ஆமாம் ஆமாம், என்று சொல்லிக்கொண்டே போய் ஒரு மெத்தை வாங்கினார்.

இன்னொரு நாள், தாதர் ஸ்டேஷனில் டிக்கெட் இல்லாமல் இறங்கின ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்து கடைக்குள் புகுந்தான். பின்னாலேயே டிக்கெட் செக்கர். மாமா முதல் ஆளை, "வாங்கோ, மூச்சு வாங்கறதே, உட்காருங்கோ, குக்கர் பார்க்கறேளா?" என்று மூணாம் மாடிக்கு அனுப்பினார். இரண்டாவது ஆளை, "வாங்கோ, வேர்வையா இருக்கே, பனியன் பார்க்கறேளா?" என்று இரண்டாம் மாடிக்கு அனுப்பினார். ஒருவன் குக்கரோடும் ஒருவர் பனியனோடும் இறங்கி வந்து, ஒரே டாக்சியில் ஏறிப் போனதாகக் கேள்வி.

இதெல்லாம் சாமர்த்தியம். பைத்தியம் என்றால் அது போணிதான்.

காலையில் முதலில் வருகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். எங்கள் பெரிய சேட்டும் முதல் வியாபாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்தான். மாமாவுக்கு அது வழக்கம் இல்லை, உயிர். முதலில் வந்தவர் எதுவும் வாங்காமல் இறங்கினால் மாமா வாசலை மறித்து நிற்பார். "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. பாம்பு கடித்த மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "சும்மா பார்க்கிறதுக்கு இது என்ன சமுத்திரமா? ஒரு ஊசியாவது வாங்கிண்டு போங்கோ. போணியாக்கும்!" ஊசி வாங்காமல் தப்பித்தவர்கள் கிடையாது. மாட்டுங்காவில் பாதி வீட்டில் துணி கிழியாமலே ஊசி இருந்தது.

அப்புறம் காலம் மாறியது. பெரிய சேட் காலமானார். மால் வந்தது. போன் வந்தது. ஜனங்கள் கடைக்கு வந்து சேலையைத் தொட்டுப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் போனிலேயே வாங்கினார்கள். ஒரு நாள் அவர் மகன் சின்ன சேட் எல்லோரையும் கூப்பிட்டு, "துகான் கதம், கடை முடிஞ்சுது. இனிமே ஆபீஸ்" என்றார். எல்லோருக்கும் ஒரு சால்வை, ஒரு ஸ்வீட் டப்பா. நான் அழுதேன். மாமா ஸ்வீட்டைச் சாப்பிட்டுவிட்டு, "நெய் போறாது" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றுகொண்டார். உள்ளே சம்மட்டியால் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிமெண்ட் மூட்டை சுமந்து வந்தவனிடம், "வாங்கோ வாங்கோ! சிமெண்டா? எந்த மாடி?" காண்டிராக்டர் இவரை சேட்டுடைய ஆள் என்று நினைத்து ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்தார். சேட் இவரைக் காண்டிராக்டருடைய ஆள் என்று நினைத்தார். தொப்பியும் டையுமாக மாமா நின்ற அழகில், முனிசிபாலிட்டியிலிருந்து வந்தவர்கள் இவரை இன்ஜினீயர் என்று நினைத்து சலாம் வைத்தார்கள். வேலை முடிந்து ஆபீஸ்கள் குடிவந்தபோது சம்பள லிஸ்ட்டில் இவர் பெயரும் எப்படியோ ஏறியிருந்தது. பெயர் தெரியாததால் 'மாமா' என்றே போட்டிருந்தார்கள். மிஷினை எடுத்துவிட்டதால் எனக்குக் கீழே வாசலைப் பார்த்த பேன்ட்ரியும், மௌசி, அதாவது சித்தி, என்று ஒரு பேரும் கொடுத்தார்கள். நாலு மாடிக்கும் டீ என் கையால்தான் போகும்.

கடை ஆபீசாக மாறிய சேதி நாலு மாடிக்கும் தெரியும். வாசலுக்கு மட்டும் தெரியாது. லோன் கொடுக்கிற கம்பெனி முதல் மாடியில் இருந்தது. யாராவது லோன் என்று வந்தால் மாமா, "சேலை செக்‌ஷன். ஏறினதும் வலது கைப் பக்கம்" என்பார். ராத்திரி பகல் போனில் பேசுகிற பிள்ளைகள் இரண்டாம் மாடி. "பேன்ட் சட்டை." மூணாம் மாடியில், வேலைக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வேலைக்குப் போனவர்களைத்தான் நான் பார்க்கவில்லை. அது "பாத்திர செக்‌ஷன்." முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் கூரியர்காரர்கள் பழகிவிட்டார்கள். பிறகு ஆபீஸ்காரர்களே பழகிவிட்டார்கள். லோன் கம்பெனியில் கல்யாணிலிருந்து வருகிற சுரேஷ் என்று நம்ம பையன் ஒருவன் இருந்தான். அவன் ஒரு நாள் போனில் தன் பெரிய ஆபீசரிடம், "சார், நான் சேலைலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தான்.

கடைப் பொம்மைகள் சில பாக்கி இருந்தன, சட்டை மாட்டிக் காட்டுவதற்கு வைத்திருப்பார்களே, அவை. குப்பையில் போடக் கொண்டுபோனபோது மாமா வழியில் நின்றார். "எத்தனை வருஷ சர்வீஸ்! அதுகளும் ஸ்டாஃப்தானே?" என்றார். ஒன்றுக்கு கோட்டுப் போட்டு மூணாம் மாடியில் ஒரு மூலை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். ஒரு வாரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேர் தினம் அதற்கு குட்மார்னிங் சொன்னார்கள். நானும் டீ வைத்துவிட்டு வந்தேன், பொய் சொல்வானேன். கப்பை எடுக்கப் போனபோது டீ அப்படியே இருக்கவும், சர்க்கரை வியாதி போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசான பிறகும் போணியை மாமா விடவில்லை. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் கணக்கில்லை. வெளியிலிருந்து முதலில் வருகிறவர் எந்தக் காரியமாக வந்தாரோ அது முடியாமல் திரும்பக் கூடாது. ஒரு காலையில், ஒரு காகிதமும் இல்லாமல் லோன் கேட்டு வந்த கிழவரைக் கையோடு முதல் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சுரேஷ், இவருக்கு இல்லைன்னு சொல்லப்படாது. போணி."

"மாமா, இவருக்குப் பான் கார்டே இல்ல மாமா!"

"அதுக்கென்ன? நீ குடு, அவர் அப்புறம் கொண்டுவருவார்."

சுரேஷ் தலையில் அடித்துக்கொண்டு ஒரு காலண்டரையும் ஒரு பேனாவையும் கொடுத்து அனுப்பினான். கிழவர் சந்தோஷமாகப் போனார். அதற்கடுத்த வாரம் முதலில் வந்த ஒருவரை சுரேஷ் வெறுங்கையோடு அனுப்பிவிட்டான். அன்றைக்கு சாயங்காலம் வரை அவர்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் ஒன்றும் ஓடவில்லை. அதிலிருந்து சுரேஷ் மேஜையில் காலண்டர் கட்டாக இருக்கும். மேலே ஃபேன் சத்தம் கேட்டால்கூட, "மாமா, போணி ஆயிடுச்சா?" என்று கீழே எட்டிப் பார்ப்பான்.

கொரோனா வந்தது. காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை மாமா கையில் கொடுத்தார்கள். அதை நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டு, "வாங்கோ வாங்கோ" என்பார். வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்குக் கெட்டகாலம் ஒரு கோர்ட் நோட்டீசில் வந்தது.

மழைக்காலம். காலையில் முதல் ஆளாக, தொப்பலாக நனைந்து ஒருவர் வந்தார். மூணாம் மாடி முதலாளி கையில் நேரடியாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்றார். முதலாளிக்கு முன்னாலேயே வாசம் தெரிந்துவிட்டது. ஓடிவந்து என் பேன்ட்ரியில், பால் பாக்கெட் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "மௌசி, நான் இல்லேன்னு சொல்லு" என்று கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார், பின்னால் கோர்ட் ஆள்.

"கனி, பாத்திரக்காரர் எங்கே?"

"எனக்கென்ன மாமா தெரியும்? நான் பாலைக் காய்ச்சிட்டு நிக்கேன்."

மாமாவின் கண் வழக்கப்படி தரையில் போனது. கூடைக்குக் கீழே பளபளவென்று ஒரு பூட்ஸ்.

"சார், எழுந்திருங்கோ. போணி. இந்த மழையில தேடிண்டு வந்திருக்கார் பாவம்."

"யோவ் மாமா, இது சம்மன்!" கூடை பேசியது.

"என்னவா இருந்தா என்ன? கொண்டுவந்த சாமான் திரும்பிப் போகப்படாது. ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்கோ."

முதலாளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோர்ட் ஆள் கண் கலங்கிவிட்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு மரியாதையாக ஒரு நோட்டீசை அவர் கொடுத்ததே இல்லையாம்.

அந்த மாதமே மூணாம் மாடி காலி. போகிற போக்கில் முதலாளி, சின்ன சேட்டிடம் மாமாவைப் பற்றி என்னவெல்லாமோ சொல்லிவிட்டுப் போனார். சேட் தன் அந்தேரி ஆபீசிலிருந்து நிகிதா என்று ஒரு பெண்ணை அனுப்பினார். கட்டிடத்தையெல்லாம் பார்த்துக்கொள்கிற மேனேஜர். செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான். தமிழ் பேசும், ஆனால் நடுநடுவே ரயில் தடம் மாறுகிற மாதிரி இந்திக்குப் போய்விட்டு வரும். அது வந்து பார்த்துவிட்டு, தொடாமலே தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு போடப்போவதாகச் சொன்னது. கொரோனாவுக்குப் பிறகு யாரும் கைப்பிடியைத் தொட விரும்புவதில்லையாம்.

"அப்ப மாமா?" என்றேன்.

"மௌசி, மே க்யா கரூம்? நான் என்ன பண்றது? கதவு தானா திறக்கும்னா, திறக்கிறதுக்கு ஆள் எதுக்குன்னு சேட் கேக்கறார். இந்த மாசம் வரைக்கும் அங்கிள் இருக்கட்டும்."

கோபத்தில் எனக்கு மேடம் போய் ஏட்டி வந்துவிட்டது. "ஏட்டி, இந்தக் கட்டிடத்துல தூணு எது செவரு எதுன்னு ஒனக்குத் தெரியுமா? அந்த மனுசன் வாசல விட்டா எங்கிட்டு நிப்பாரு? வீட்டுல அவருக்கு ஒரு ஆணிதான் இருக்கு!"

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போனது.

கதவு வந்தது. நாங்கள் மாமா உடைந்துபோவார் என்று நினைத்தோம். மாமா அதைப் புதுசாக வேலைக்குச் சேர்ந்த ஆளாக எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "நன்னா வேலை செய்யறது கனி. ஆனா அவசரக்குடுக்கை. ரோட்டுல போறவாளுக்கெல்லாம் திறக்கறது. வர ஆளா, போற ஆளான்னு தரம் தெரியலை."

நிஜம்தான். நாய்க்குத் திறந்தது. புறாவுக்குத் திறந்தது. கிங்ஸ் சர்க்கிள் புறாக்களுக்குக் கேட்கவேண்டுமா, குடும்பம் குடும்பமாக வந்து ஏசியில் உட்கார்ந்தன. மாமா அவற்றையும், "வாங்கோ, உட்காருங்கோ" என்றுதான் சொன்னார். அந்தக் கதவு திறக்காத ஒரே ஜீவன் மாமா. கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை ஆட்டுவார், டையை ஆட்டுவார். அது அசையாது. அந்த மனிதருடைய அகலம் அதன் கண்ணுக்குப் படவே இல்லை. வேறு யாராவது வரும்வரை காத்திருந்து, அவர்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவார்.

மாதக் கடைசி நாள். நிகிதா சீக்கிரமே வந்துவிட்டது. கூட்டம் சேருவதற்கு முன்னால் மாமாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம். வாசலில் மாமா, சுரேஷ், நான்.

"வாம்மா வா. நீ இங்கே வேலை பார்க்கறவளா, வந்தவளா?"

"நான் ஹெட் ஆபீஸ், அங்கிள். சைட் விசிட்."

"விசிட்டா!" மாமா முகம் மலர்ந்தது. "கனி, இன்னிக்கு இவதான் போணி. சொல்லும்மா, என்ன வேணும்?"

அந்தப் பெண் பாதி கையை நீட்டியது. "அங்கிள்... உங்க கார்டு."

நான் மாமா முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கழுத்திலிருந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டார். அப்புறம் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து நூல் எடுத்தார். சுரேஷ் கையிலிருந்த காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பட்டுச்சேலை மடிக்கிற மாதிரி அதில் அட்டையை வைத்து மடித்துச் சுற்றி, நூல் கட்டி, கடை முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

"போணி ஆயிடுத்து. பத்திரமா எடுத்துண்டு போ."

சொல்லிவிட்டு, கதவுக்கு முன்னால் நின்றார். அது திறக்கவில்லை. ஒரு கூரியர்காரன் வந்து திறந்தபிறகு போனார். அன்றைக்கு நான் போட்ட டீயில் சர்க்கரை இல்லை என்று நாலு மாடியும் சொன்னது. எப்படி இருக்கும்?

ஆனால் அன்று மத்தியானமே நிகிதாவுக்கு ஒரு போன் வந்தது. மாதக்கணக்காகக் காலியாகக் கிடந்த மூணாம் மாடிக்கு ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது! மறுநாள் காலையில் வந்து கையெழுத்துப் போடுகிறார்களாம். நிகிதா என் பேன்ட்ரிக்கு ஓடிவந்தது. "மௌசி, அங்கிள் குடுத்த போணியா இது? சச் மே? நிஜமாவா?"

"பின்னே? ஒன் திறமைன்னு நெனச்சியா?" என்றேன்.

மறுநாள் கொட்டுகிற மழை. நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. மாமா. கதவு வழக்கம்போல் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து நிகிதா டாக்சியில் வந்து இறங்கியது. கதவு அதற்குத் திறந்தது. பெரியவர் நனைகிறாரே என்று மரியாதைக்கு ஒதுங்கி, "அங்கிள், முதல்ல நீங்க போங்க" என்றது.

மாமா உள்ளே வந்தார். எனக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏ சுரேஷு! மாமா இன்னைக்கு வேலைக்காரர் இல்லல்லா? வெளி ஆளுல்லா? இவருதாம்ல போணி!"

சுரேஷ் மேலேயிருந்து படிகளை விழுங்கிக்கொண்டு ஓடிவந்தான். நிகிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்துப் போடுகிறவர்கள் வரப்போகிறார்கள், முதல் ஆள் வெறுங்கையோடு போகலாமா?

"அங்கிள், பைட்டியே, உட்காருங்க. என்ன வேணும் சொல்லுங்க."

மாமா ரிசப்ஷன் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "குடை ஒண்ணு பார்க்கலாமா? பழசு காத்துல போயிடுத்து."

நாலு மாடி ஆபீசில் குடைக்கு எங்கே போவது? சுரேஷ் தன் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற குடையைக் கொண்டுவந்தான். சுற்றிலும் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில்.

"இதைப் பிடிச்சிண்டு நடந்தா நான் கடன்காரன்னு ஊருக்கே தெரியும். வேற காட்டு."

இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பிள்ளையின் பூப்போட்ட குடை.

"பூ ஜாஸ்தி. வண்டு வரும்."

வாட்ச்மேனுடைய கறுப்புக் குடை.

"இதுக்குள்ள ரெண்டு குடும்பம் இருக்கலாம். முனிசிபாலிட்டிக்காரன் வரி கேப்பான்."

நிகிதா தன் பையிலிருந்து பொத்தான் குடையை எடுத்து அமுக்கியது. டப் என்று விரிந்தது.

"தானா திறக்கறது" என்றார் மாமா. "எனக்கு தானா திறக்கற சாமான் ஆகாது."

இதற்குள் மூணாம் மாடிக்காரர்கள் நாலு பேர் கோட்டோடு வந்து நின்றார்கள். தரையெல்லாம் விரிந்த குடை. நடுவில் முட்டிபோட்டுக்கொண்டு மேனேஜர். அவர்களில் பெரியவர், "யே ஆபீஸ் ஹை யா துகான்?", இது ஆபீசா கடையா, என்று கேட்டார். நிகிதா அழுதுவிடும்போல் இருந்தது.

மாமா எழுந்தார். டையைச் சரிசெய்தார். "பரவாயில்லைம்மா. ரொம்ப சிரமப்படுத்திட்டேன். நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

அந்த வார்த்தை! அதுவும் மாமா வாயிலிருந்து! சுரேஷ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மாமா வாசலை நோக்கி நடந்தார். நடந்து, கதவுக்கு முன்னால் நின்றார். கதவு திறக்கவில்லை. கையை ஆட்டினார். திறக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். அந்தத் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். குளிர் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

"பாரு தாயி" என்றேன் நிகிதாவிடம். "கதவே விடமாட்டேங்கு."

அந்தப் பெண் எழுந்தது. ரிசப்ஷனுக்குப் பின்னால் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கதவுக்குப் பக்கத்தில் வைத்தது.

"அங்கிள், இன்னொரு ஐட்டம் இருக்கு. மறந்துட்டேன். இந்தக் கதவுகிட்ட போடற நாற்காலி. ஒரே பீஸ்தான் ஸ்டாக்."

மாமா திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்து நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"ஃபிக்ஸட் ரேட்டா?"

"ஃபிக்ஸட், அங்கிள். பழைய சம்பளம். சேட்கிட்ட நான் பேசிக்கறேன்."

"கதவு?"

"கதவு திறக்கட்டும். யாரை எங்க அனுப்பணும்னு அதுக்குத் தெரியாதே."

"அதான் நானும் சொன்னேன்" என்றார் மாமா. "சரி, பில் போடு."

சுரேஷ் கைதட்டினான். நிகிதா பையிலிருந்து முந்தின நாள் பொட்டலத்தை எடுத்தது. பிரிக்கவே இல்லை. எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லையாம். மாமா ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்து, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து நின்ற நாலு பேர் பக்கம் திரும்பினார். பார்வை கீழே போனது. நாலு ஜோடி பூட்ஸ். இங்கிலீஷில் ஆரம்பித்தார். அவருடைய இங்கிலீஷைப் பற்றி நான் சொல்லக் கூடாது. ஆனால் அவர்கள் பத்திரமாகப் பாத்திர செக்‌ஷனுக்குப் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் சில வருஷம் மாமா அந்த வாசலில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தாரா என்றால், இல்லை. வாங்கின மறுநாளே, பேன்ட்ரியில் என் முழங்கால் மடங்காமல் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, தானே தூக்கிக்கொண்டு வந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போட்டார். "எனக்கு நின்னாத்தான் பேச்சு வரும். நீ உட்கார்ந்துண்டு டீ போடு" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் திரும்பக் கொண்டுபோகவில்லை.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழையில் மாமா போய்ச் சேர்ந்தார். நானும் வேலையை விட்டுவிட்டேன். விட்ட அன்றைக்கு நிகிதா ஒரு டெம்போ பிடித்து, நாற்காலியைத் தாராவிக்கு அனுப்பிவைத்தது. எங்கள் வீடு ஒரு ரூம்தான், அதில் பாதியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமே அத்தை என்று மருமகள் நாளுக்கு ஒரு தடவை சொல்கிறாள். நான் காதில் வாங்குவதில்லை. காலையில் எழுந்ததும் அதைத் துடைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு, நான் கீழேதான் உட்காருகிறேன்.